பல்கலைக்கழகத்தில் முதலாண்டு: பிள்ளை எங்கே தங்குவது?



எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் படிப்பை முடித்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டால், அந்தச் செய்தி ஒரு வீட்டோடு நிற்பதில்லை; லயம் முழுவதும் பரவிவிடும். ஆனால், அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் ஒரு கவலை எழுகிறது. பிள்ளை எங்கே தங்கும்? யார் பார்த்துக்கொள்வார்கள்? பெண் பிள்ளையாக இருந்தால் இக்கவலை இரட்டிப்பாகிறது. இந்தக் கவலையாலேயே கிடைத்த இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க நினைக்கும் பெற்றோரும் உண்டு. ஆகவே, இன்று இதைப்பற்றிச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

நம் நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்களின் வளாகத்திற்குள்ளேயே மாணவர் விடுதிகள் இருக்கின்றன. பெயர்கள்தாம் இடத்துக்கு இடம் மாறும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் அவை 'கோலேஜ் கெடியாமான்', அதாவது உறைவிடக் கல்லூரிகள். பினாங்கில் 1969ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அறிவியல் பல்கலைக்கழகத்தில் அவற்றை 'டேசாசிஸ்வா' என்பார்கள். கெடா, சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் 'இனாசிஸ்' என்பார்கள். கடிதத்தில் இச்சொற்களைக் கண்டு மருள வேண்டியதில்லை. எல்லாம் தங்கும் விடுதியே.

பிள்ளை தங்குவதற்கு மூன்று வழிகள் உள்ளன: உறவினர் வீடு, வெளியே வாடகை வீடு, வளாக விடுதி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, உறவினர் வீடு. மாமன் வீடு இருக்கும்போது விடுதிக்கு ஏன் பணம் கட்ட வேண்டும் என்று நாம் எண்ணுவது இயல்பு. ஆனால், அங்கிருந்து வளாகத்திற்குப் போக ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். போக வர நாளுக்கு மூன்று மணி; ஐந்து நாளுக்குப் பதினைந்து மணி; பதினான்கு வாரப் பாடக் காலத்துக்கு 210 மணி நேரம் பேருந்திலேயே கழிந்துவிடும். பேருந்துச் செலவு வேறு. மாலையில் நூல் நிலையத்தில் உட்காரவோ, கூட்டாகப் பாடம் படிக்கவோ முடியாது. அதோடு, உறவினர் வீட்டில் இருக்கும் பிள்ளை பாத்திரம் கழுவுவதும், சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுமாகப் பாதி நேரத்தைச் செலவிட நேரும். மறுத்துச் சொல்லவும் வாய் வராது.

இரண்டாவது, வாடகை வீடு. 'எலி வளையானாலும் தனி வளை' என்ற பழமொழியைச் சொல்லி, நண்பர்களோடு வீடெடுக்க விரும்பும் பிள்ளைகள் உண்டு. கணக்கைப் பாருங்கள். மாதம் 1,200 வெள்ளி வாடகையில் நால்வர் ஒரு வீடு எடுப்பதாகக் கொள்வோம். இரண்டு மாத முன்பணம், தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாத முன்பணம், முதல் மாத வாடகை என மூன்றரை மாத வாடகையைக் கேட்பது இங்கு வழக்கம். அது 4,200 வெள்ளி. தலைக்கு 1,050 வெள்ளி. இன்னும் கட்டில் இல்லை, மேசை இல்லை, ஒரு குண்டான்கூட வாங்கவில்லை! ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுக்கு இருக்கும். பிள்ளை நீண்ட விடுமுறையில் தோட்டத்துக்கு வந்திருக்கும் மாதங்களுக்கும் வாடகை கட்டியாக வேண்டும். நால்வரில் ஒருவர் விலகினால் அவர் பங்கு மற்ற மூவர் தலையில் விழும்.

மூன்றாவது, வளாக விடுதி. கட்டில், மெத்தை, மேசை, அலமாரி ஆகியவை அறையிலேயே இருக்கும். கட்டணம் பொதுவாகப் பாடக் காலத்துக்கு மட்டுமே. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தங்குமிடம் தனித்தனி. 'பெங்கெத்துவா' எனப்படும் விடுதித் தலைவரும், அங்கேயே குடியிருக்கும் 'பெலோ' எனப்படும் விரிவுரையாளர்களும் பொறுப்பில் இருப்பார்கள். நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கதவைத் தட்ட ஓர் ஆள் உண்டு. பதிவு நாளிலேயே விடுதி அலுவலகத் தொலைபேசி எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலாண்டுப் பிள்ளைக்கு இதுவே ஏற்றது என்பது நமது கருத்து. சில இடங்களில் பல்கலைக்கழகமே விடுதியை ஒதுக்கித் தரும். சில இடங்களில் நம் விருப்பத்தைக் கேட்கும். கேட்டால் எதைப் பார்க்க வேண்டும்? கட்டடத்தின் அழகை அல்ல. பாடம் நடக்கும் இடத்துக்கு நடந்து போக முடியுமா, வளாகப் பேருந்து வருகிறதா, உணவுக்கடை இருக்கிறதா, அறைக்கு எத்தனை பேர் என்பவற்றைப் பாருங்கள். குறைந்த கட்டண அறைக்கும் தனியறைக்கும் இடையே தயக்கம் வந்தால், இருவர் தங்கும் அறையே முதலாண்டுக்கு நல்லது. தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த பிள்ளைக்கு மலாய்க்காரரோ சீனரோ அறைத்தோழராக வாய்த்தால் அஞ்ச வேண்டாம். பேசத் தயங்கிய மொழி பேச்சில்தானே பழகும்?

சாப்பாட்டைப் பற்றித் தாய்மார்கள் கவலைப்படுவது நியாயமே. பெரும்பாலான விடுதிகளில் அறைக்குள் சமைக்க அனுமதி இல்லை. மின்னடுப்பைக் கட்டிக் கொடுத்தனுப்பாதீர்கள். பருப்புப் பொடியும் ஊறுகாயும் போதும். மாட்டிறைச்சி உண்ணாத பிள்ளை, 'டாகிங்' என்று எழுதியிருந்தால் என்ன இறைச்சி என்று கேட்டு வாங்கப் பழக வேண்டும். கேட்பதில் வெட்கமில்லை.

பணத்தைப் பற்றி ஒரு சொல். பி.டி.பி.டி.என். எனப்படும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் 1997ஆம் ஆண்டு முதல் கடன் கொடுத்து வருகிறது. அக்கடன் பதிவு நாளன்றே கைக்கு வந்துவிடாது, வாரங்கள் ஆகலாம். எனவே பதிவுக் கட்டணம், விடுதிக் கட்டணம், முதல் மாதச் சாப்பாடு ஆகியவற்றுக்கான பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். கடனுக்கு விண்ணப்பிக்க எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு வேண்டும். பிள்ளை சிறியதாக இருக்கும்போதே அதைத் திறந்து, மாதம் கொஞ்சமாவது போட்டு வருவது நல்லது.

இறுதியாக, பலர் அறியாத ஒன்று. முதலாண்டில் கிடைத்த அறை இரண்டாமாண்டில் தானாகக் கிடைத்துவிடாது. பல பல்கலைக்கழகங்களில், விடுதி நடவடிக்கைகளில் கலந்துகொண்டு பெற்ற புள்ளிகளைப் பார்த்தே மீண்டும் இடம் தருகிறார்கள். 'படிப்பைத் தவிர வேறெதிலும் தலையிடாதே' என்று நல்லெண்ணத்தோடு நாம் சொல்லும் புத்திமதியே பிள்ளையின் அறையைப் பறித்துவிடக்கூடும். விளையாட்டு, கலைவிழா, துப்புரவுப் பணி, ஏதேனும் ஒன்றில் பிள்ளை சேரட்டும்.

முதல் மாதத்தில் பிள்ளை தொலைபேசியில் அழக்கூடும். உடனே 'திரும்பி வந்துவிடு' என்று சொல்லிவிடாதீர்கள். 'அடுத்த வாரம் பேசுவோம், அதுவரை இரு' என்று சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த ஒரு வாரமே போதுமானது.