விருந்தையும் விட வேண்டாம், எடையும் குறையும்!
மாட்டுங்கா இலைச் சாப்பாட்டுக்கு ஒரு கணக்கு

"எடையைக் குறையுங்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வருகிறவருக்கு முதலில் நினைவுக்கு வருவது என்ன? மாட்டுங்காவில் ஞாயிற்றுக்கிழமை போடுகிற வாழை இலை! "இனி அதெல்லாம் கிடையாதா?" என்ற கவலை அப்போதே பிடித்துக்கொள்கிறது.

மும்பைத் தமிழனுக்கு இது சின்னக் கவலை அல்ல. ஊரை விட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் வந்தவனுக்குச் சாம்பாரும் ரசமும் வெறும் குழம்பு அல்ல, அதுதான் ஊர். அதனால்தான் 1937-ல் தொடங்கிய மணீஸ் லஞ்ச் ஹோமும், 1940-ல் தொடங்கிய கபே மெட்ராஸும், 1942-ல் ராம நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங்கும் தலைமுறை தலைமுறையாக நம்மவர்களுக்குச் சோறு போட்டு வந்திருக்கின்றன. அன்று தனியாக வந்து ஒண்டுக் குடித்தனம் இருந்த குமாஸ்தாவுக்கு அந்த இலைதான் அம்மா கை.

அந்த இலையை அடியோடு விட்டால்தான் எடை குறையுமா? தேவையில்லை. ஆனால் கணக்கு வேண்டும்.

யார் குண்டு?

"எனக்கென்ன, நான் ஒல்லிதான்" என்று நினைப்பவர்களும் ஒரு நாடாவை எடுத்து வயிற்றைச் சுற்றி அளந்து பார்க்க வேண்டும். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியர்களுக்கென டாக்டர்கள் வகுத்துள்ள அளவு. பேன்ட் அளவை நம்பக் கூடாது. தொப்பைக்குக் கீழே பெல்ட் கட்டுகிறவருக்கு 34-ம் பொருந்தும்!

உயரத்துக்கு ஏற்ற எடை என்றும் ஒன்று உண்டு. 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் சுமார் 62 கிலோவைத் தாண்டினால் கூடுதல் எடை. 68 கிலோவைத் தாண்டினால் உடல் பருமன். வெள்ளைக்காரர்களுக்கு உள்ள அளவைவிட இது குறைவு. காரணம், நம் உடம்பில் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேருகிறது. சர்க்கரை வியாதியும் நமக்குச் சீக்கிரம் வருகிறது.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்று அது கூறியது.

தாராவியில் இதை வீட்டுக்கு வீடு பார்க்கலாம். அந்தக் காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் கிடங்கிலும், மூட்டை தூக்கியும் பாடுபட்ட அப்பா தட்டு நிறையச் சோறு சாப்பிட்டார். அத்தனையும் வியர்வையாகப் போயிற்று. மகன் தையல் மிஷினில் உட்காருகிறான். பேரன் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறான். உழைப்பு மாறிவிட்டது, தட்டு மட்டும் மாறவில்லை!

கெடுப்பது விருந்தா?

இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் கோட்டைக்கு வேலைக்குப் போகும் ஒரு குமாஸ்தாவை எடுத்துக்கொள்வோம்.

ஆபீசில் ஒரு நாளைக்கு ஐந்து டீ. டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரு ஸ்பூன் 5 கிராம் என்றால், நாளைக்கு 50 கிராம். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ! சர்க்கரை கிராமுக்கு 4 கலோரி. ஆக மாதம் 6,000 கலோரி டீயோடு மட்டும் உள்ளே போகிறது. நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன யோசனை.

சாயங்காலம் ரயில் ஏறும் முன் ஒரு வடாபாவ். 1966-ல் தாதர் ஸ்டேஷனுக்கு வெளியே அசோக் வைத்யா என்பவர் விற்கத் தொடங்கினார் என்று சொல்லப்படும் இந்தப் பண்டம் தொழிலாளியின் பசிக்கு வந்த வரப்பிரசாதம்தான். ஆனால் ஒன்றுக்குச் சுமார் 300 கலோரி. 26 வேலை நாளுக்கு 7,800 கலோரி.

இதே குமாஸ்தா மாதத்தில் இரண்டு ஞாயிறு மாட்டுங்கா போய் இலைச் சாப்பாடு சாப்பிடுகிறார். பூரி, அப்பளம், பாயசம் என்று வழக்கத்தைவிட 1,000 கலோரி கூடுதலாகவே சாப்பிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 2,000.

இப்போது சொல்லுங்கள். அவர் வயிற்றைப் பெருக்கியது எது? ஆசையோடு காத்திருந்து, மனைவி மக்களோடு உட்கார்ந்து, ருசித்துச் சாப்பிட்ட 2,000 கலோரியா? பைலைப் புரட்டிக்கொண்டே ருசிகூடத் தெரியாமல் விழுங்கிய 13,800 கலோரியா?

உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. டீயை நாளைக்கு இரண்டாக்கி, ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு நிறுத்தி, வடாபாவை வாரம் ஒன்றாகக் குறைத்தால் மாதம் 11,400 கலோரி மிச்சம். விருந்தைத் தொடவே வேண்டாம்! உடம்பு ஏட்டுக் கணக்கை அப்படியே கேட்காது என்பது உண்மை. எடை குறையக் குறைய அதுவும் செலவைச் சுருக்கிக்கொள்ளும். இருந்தாலும் வழி எந்தப் பக்கம் என்பது தெரிகிறது அல்லவா?

அடியோடு விட்டால் என்ன?

"நாக்கை அடக்க முடியாதா? எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறேன்" என்று சபதம் செய்பவர்கள் உண்டு. முதல் வாரம் வெற்றி. இரண்டாம் வாரம் ஆபீசில் ஒருவர் பையன் பாஸ் பண்ணிவிட்டான் என்று பேடா பெட்டியை நீட்டுகிறார். ஒன்றை எடுத்து வாயில் போட்டாயிற்று. அவ்வளவுதான்! "இன்றைக்குக் கெட்டுவிட்டது, இனி என்ன?" என்று அன்று மாலை வடாபாவ், ராத்திரி பிரியாணி. முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு என்கிற கதைதான்.

இதை அமெரிக்காவில் சோதித்தே பார்த்தார்கள். 1975-ல் வெளிவந்த ஒரு ஆராய்ச்சியில், கல்லூரிப் பெண்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் வயிறு நிறைந்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எடை கூடாமல் வாயைக் கட்டி வந்தவர்களோ மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமை இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள்! பத்தியம் கெட்டது என்ற எண்ணமே அணையை உடைத்துவிட்டது.

அதற்கும் முன்னால், 1944-45-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்ஸல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைத்தார். அவர்கள் பேச்செல்லாம் சாப்பாடு பற்றியே ஆகிவிட்டது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். பட்டினி முடிந்ததும் எவ்வளவு சாப்பிட்டும் அவர்களுக்குத் திருப்தி வரவில்லை.

நமக்கு இது புதிதல்ல. சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள் கட்டுப்பாடாக இருந்தவர்களில் சிலர், மாலையைக் கழற்றிய வாரமே விட்டதையெல்லாம் பிடித்துவிடுகிறார்கள். குறை விரதத்தில் இல்லை. விரதம் முடிந்த மறுநாள் எப்படிச் சாப்பிடுவது என்று யோசிக்காததுதான் குறை.

ஒரு நாள் முழுக்கத் திறந்துவிடலாமா?

கூடாது! "ஆறு நாள் பத்தியம், ஏழாம் நாள் சுதந்திரம்" என்று கிளம்பினால் அந்த ஏழாம் நாள் ஆறு நாளையும் தின்றுவிடும்.

அமெரிக்காவில் எடையைக் குறைத்து, திரும்ப ஏறாமல் காத்தவர்களின் பதிவேடு ஒன்றை 1994-லிருந்து வைத்து வருகிறார்கள். வார நாளிலும் விடுமுறையிலும் ஏறக்குறைய ஒரே ஒழுங்கில் சாப்பிட்டவர்களே எடையை நன்றாகக் காப்பாற்றினார்கள். விடுமுறையில் கயிற்றைத் தளர்த்தியவர்களுக்கு எடை திரும்ப ஏறியது அதிகம் என்று அந்தப் பதிவேட்டை ஆராய்ந்தவர்கள் 2004-ல் எழுதினார்கள்.

ஆகவே விருந்து என்பது ஒரு நாள் அல்ல, ஒரு வேளை. மத்தியானம் இலைச் சாப்பாடு என்றால் காலையில் வழக்கமான இரண்டு இட்லி. ராத்திரி வழக்கமான இரண்டு சப்பாத்தி, காய்கறி. விருந்துக்காகக் காலையில் பட்டினி கிடந்து போகிறவர், பந்தியில் உட்கார்ந்ததும் இரண்டு பங்காகச் சாப்பிடுவார். இதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டியதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியைப் பார்த்தாலே போதும்.

காலண்டரில் குறித்து வையுங்கள்

பொங்கல், சித்திரை முதல் நாள், விநாயகர் சதுர்த்திக் கொழுக்கட்டை, தீபாவளிப் பலகாரம், கார்த்திகைப் பொரி உருண்டை என்று நம் வருஷத்தில் விருந்துக்குப் பஞ்சம் இல்லை. அத்தோடு சொந்தக்காரர் கல்யாணம், வளைகாப்பு. மாத ஆரம்பத்திலேயே காலண்டரை எடுத்து, இந்த மாதம் விருந்து எது எது என்று இரண்டு மூன்று தேதிகளை வட்டம் போட்டுவிட வேண்டும். வட்டம் போட்ட நாளில் மனசாட்சி குத்தாமல் சாப்பிடலாம். வட்டம் இல்லாத நாளில் பேடா வந்தால், "இன்றைக்கு இல்லை" என்று சொல்லுவது சுலபம். "இனி கிடையவே கிடையாது" என்பதைவிட "ஞாயிற்றுக்கிழமை உண்டு" என்றால் நாக்கும் கேட்கும்.

எல்லாப் பலகாரமும் எதிரியும் அல்ல. நவராத்திரிச் சுண்டலில் பயறும் புரதமும் உண்டு. தாராவியில் விடியற்காலை அவித்து, சைக்கிளில் ஹாரன் அடித்து மும்பை முழுக்க விற்கிறார்களே, அந்த இட்லியில் எண்ணெயே இல்லை. சட்டினியும் மெதுவடையும் சேரும்போதுதான் கணக்கு ஏறுகிறது.

கஷ்டம் எங்கே வருகிறது? உபசாரத்தில்! "அண்ணாச்சி, ஒரு அதிரசம் தின்னா என்ன ஆயிரும்?" என்று அன்போடு தட்டை நீட்டினால் மறுப்பது எப்படி? மறுத்தால் அவர்கள் மனம் நோகும். ஒன்றை எடுத்துக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்று மனதாரச் சொல்லிவிட்டு, இரண்டாவதற்குக் கையை மூடிக்கொள்ள வேண்டும். பொட்டலம் கட்டிக் கொடுத்தால் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் பங்கு வையுங்கள். வீட்டு டப்பாவில் இருக்கும் முறுக்கு விருந்து அல்ல. அது தினசரிப் பழக்கம்.

மறுநாள் முள் ஏறினால்...

முன்பெல்லாம் ரயில்வே பிளாட்பாரங்களில் வண்ண விளக்கு சுழலும் எடை மிஷின் நிற்கும். காசு போட்டால் அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் பலன். இப்போது வீட்டிலேயே மிஷின் வந்துவிட்டது. அதனால் ஒரு தொல்லை. விருந்துக்கு மறுநாள் ஏறி நின்று, ஒரு கிலோ கூடியதைப் பார்த்து, "எல்லாம் வீண்" என்று விட்டுவிடுகிறார்கள்.

பயப்பட வேண்டாம். ஒரே வேளையில் ஒரு கிலோ கொழுப்பு சேராது. உப்பும், சோற்றிலிருந்து உடம்பு சேமிக்கும் மாவுச்சத்தும் தண்ணீரைப் பிடித்து வைக்கின்றன. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில் அது இறங்கிவிடும். வாரம் ஒரு முறை, ஒரே கிழமை, காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் விருந்துக்கு ஈடுகட்ட வேளையைத் தள்ளிப் பட்டினி இருக்கக் கூடாது; சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு அப்பளமும் ஊறுகாயும் இனிப்பைவிட எதிரி. விருந்தில் எது, எவ்வளவு என்று இவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தாராவிக்காரர்களுக்குச் சயான் மாநகராட்சி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது.

உடம்பைக் கெடுத்துக்கொள்ளவா ஊரை விட்டு வந்தோம்? மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறவன் ஐம்பது வயதில் மாரடைப்பில் சாய்ந்தால், அங்கே ஒரு குடும்பம் சாய்கிறது. அதற்காக இலையைத் தள்ளிவிட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை. இரண்டாம் முறை பாயசம் வரும்போது இலையை மடித்தால் போதும்.