பின் ஆக்சிலை அடையாளம் காண்போம்

கேமரன் மலையில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரை நாம் அறிவோம். முட்டைக்கோசுக் கூடைகளை மலைச்சரிவிலிருந்து சாலைக்கு ஏற்றிவர அவரிடம் ஒரு பழைய லேண்ட் ரோவர் பிக்கப் வண்டி உண்டு. அந்த வண்டியின் பின் ஆக்சிலில் பற்கள் தேய்ந்து, ஓடும்போதெல்லாம் ஊளையிடும் ஓசை கேட்டது. பெரியவர் பழைய சாமான் கடையொன்றில் தேடி, அதே வடிவில் ஒரு டிஃபரன்ஷியலை வாங்கிவந்தார். ஒரே பிற்பகலில் வேலை முடிந்தது. தார்ச் சாலையில் வண்டி முன்னைவிட அமைதியாகவும் விரைவாகவும் ஓடியது. வண்டிக்கு இளமை திரும்பிவிட்டது என்றே அவர் மகிழ்ந்தார்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. தோட்டத்துச் சேற்றுப் பாதையில் நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஏறியபோதெல்லாம் வண்டி திமிறியது. சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டின. பின்னர் ஒரு நாள், சுமையோடு சாலை ஏற்றத்தில் நின்ற வண்டியைக் கிளப்பும்போது, 'டக்' என்று ஓர் ஓசை. வண்டி முன்னே நகரவில்லை. கை பிரேக்கை இழுத்தார், அதுவும் பிடிக்கவில்லை. வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கியது. நல்ல வேளையாகக் கால் பிரேக் பிடித்தது; உடனிருந்த பையன் இறங்கி, சக்கரத்தின் பின்னால் ஒரு கல்லை வைத்தான்.

"துளைகள் எல்லாம் பொருந்தின, தம்பி. தண்டும் ஒழுங்காக உள்ளே போனது. பிறகு எப்படித் தவறாகும்?" என்று பெரியவர் நம்மிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை காண்பதே இன்றைய உரையின் நோக்கம்.

முதலில், பின் ஆக்சில் செய்யும் வேலையைச் சுருக்கமாகப் பார்ப்போம். என்ஜினின் சுழற்சி, கியர் பெட்டியைக் கடந்து, புரொப்பல்லர் ஷாஃப்ட் என்னும் நீண்ட தண்டின் வழியாகப் பின்னால் வருகிறது. ஆக்சிலின் நடுவில் குடம்போல் பருத்த பகுதி ஒன்றை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதனுள்ளே பினியன் என்னும் சிறிய பற்சக்கரமும், கிரவுன் வீல் என்னும் பெரிய பற்சக்கரமும் உள்ளன. சிறியது பெரியதைச் சுழற்றுகிறது. பெரியதோடு இணைந்த டிஃபரன்ஷியல், இரு பக்கமும் செல்லும் ஹாஃப் ஷாஃப்டுகள் வழியாகச் சக்கரங்களை ஓட்டுகிறது. வளைவில் ஒரு சக்கரம் மெதுவாகவும் மற்றொன்று விரைவாகவும் செல்ல இடங்கொடுப்பதும் இந்த டிஃபரன்ஷியலே.

கிரவுன் வீல் ஒருமுறை சுற்றப் பினியன் எத்தனை முறை சுற்றவேண்டும் என்பதே ஆக்சிலின் விகிதம். பெரியதில் 47 பற்களும் சிறியதில் 10 பற்களும் இருந்தால் விகிதம் 4.7. எண் பெரிதானால் இழுவை மிகும், வேகம் குறையும். எண் சிறிதானால் வேகம் மிகும், இழுவை குறையும். ஆகவே, ஓர் ஆக்சிலை அடையாளம் காண்பது என்றால் இரண்டு செய்திகளை அறிவது: அது எந்த வகை, அதன் விகிதம் என்ன?

இவற்றை அறிய மூன்று சாட்சிகளை விசாரிக்க வேண்டும். முதற்சாட்சி எழுத்து, இரண்டாம் சாட்சி உருவம், மூன்றாம் சாட்சி எண்ணிக்கை.

எழுத்து என்பது வண்டியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும் தகவல். டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் என்ஜின் மூடியைத் திறந்தால் ஒரு சிறு தகடு தென்படும். அதில் ஆக்சிலுக்கென்று ஒரு குறியீடு இருக்கும். உதிரிப் பாகம் விற்பவரிடம் அந்தக் குறியீட்டைக் காட்டினால், தொழிற்சாலையில் என்ன பொருத்தினார்கள் என்று சொல்லிவிடுவார். பழைய லேண்ட் ரோவரில் ஆக்சில் கூட்டின் மேலேயே எண் பொறித்திருக்கும். கம்பித் தூரிகையால் சேற்றையும் துருவையும் தேய்த்து நீக்கினால் எண் தெரியும்.

ஆனால், இந்தச் சாட்சி வண்டி பிறந்த நாளைப் பற்றியே பேசும். நேற்று நடந்தது அதற்குத் தெரியாது. முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்த வண்டியின் ஆக்சில் எத்தனை பட்டறைகளைக் கண்டதோ! கூடு பழையதாகவே இருக்க, உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் மாறியிருக்கலாம். ஆகவே எழுத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கலாகாது.

அடுத்த சாட்சி உருவம். வண்டியின் பின்னால் குனிந்து, ஆக்சிலின் நடுக்குடத்தைப் பார்ப்போம். போல்ட்டுகளால் இறுக்கிய மூடி ஒன்று பின்புறம் இருக்கிறதா? அல்லது பின்புறம் வழவழப்பாக இருந்து, முன்புறத்தில் நட்டுகளின் வளையம் இருக்கிறதா? பெரும்பாலான பிக்கப் வண்டிகளின் ஆக்சில்கள் இந்த இரண்டு குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவை.

லேண்ட் ரோவரில் இரண்டையும் காணலாம். ரோவர் வகையில் பின்புறம் மூடி இல்லை. ஹாஃப் ஷாஃப்டுகளை வெளியே இழுத்துவிட்டால் டிஃபரன்ஷியல் முழுவதையும் முன்பக்கமாகக் கழற்றி எடுத்துவிடலாம். பழைய ஹைலக்ஸின் பின் ஆக்சிலும் இவ்வாறு கழற்றக்கூடியதே. சாலிஸ்பரி என்னும் மற்றொரு வகை, 109 அங்குலச் சக்கர இடைவெளி கொண்ட நீண்ட லேண்ட் ரோவர் வண்டிகள் பலவற்றில் உண்டு. அது கனமானது, வலுவானது. 10 போல்ட் கொண்ட மூடி அதன் பின்புறம் இருக்கும். அதன் பற்சக்கரங்களைக் கூட்டுக்குள்ளேயே அளந்து பொருத்தவேண்டும். ஒரு பிற்பகலில் மாற்றிவிடும் வேலை அன்று.

அமெரிக்க பிக்கப் வண்டிகளில் ஆக்சிலின் பெயரே போல்ட் எண்ணிக்கையால் அமைவதுண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் ஆக்சில்களைப் பத்துப் போல்ட், பன்னிரண்டு போல்ட், பதினான்கு போல்ட் என்றே அழைக்கிறார்கள். எனினும் எண்ணிக்கை ஒன்றே போதாது. டானா 60 என்னும் வேறொரு நிறுவனத்தின் ஆக்சிலிலும் பத்துப் போல்ட்டே உண்டு. எனவே மூடியின் வடிவையும் சேர்த்தே பார்க்கவேண்டும். ஃபோர்டு நிறுவனத்தின் ஒன்பது அங்குல ஆக்சிலில் பின்மூடியே இல்லை. அது முன்பக்கமாகக் கழலும் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒன்பது அங்குலம் என்பது அதன் கிரவுன் வீலின் குறுக்களவு.

உருவம் நமக்கு வகையைச் சொல்லும், விகிதத்தைச் சொல்லாது. பெரியவர் ஏமாந்தது இந்த இடத்தில்தான். பழைய லேண்ட் ரோவரின் இரண்டாம், மூன்றாம் வரிசை வண்டிகளில் விகிதம் 4.7. 1970இல் வெளிவந்த ரேஞ்ச் ரோவரில் விகிதம் 3.54. ஆனால் அந்த ரேஞ்ச் ரோவரின் டிஃபரன்ஷியல், ரோவர் வகைக் கூட்டில் அப்படியே பொருந்தும். துளைகள் ஒத்துப்போகும், தண்டும் உள்ளே நுழையும். கண்ணுக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே எண்ணிப் பார்த்தால்தான் வேற்றுமை புலப்படும்.

ஆகவே, மூன்றாம் சாட்சியான எண்ணிக்கைக்கு வருவோம். அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. பழைய லேண்ட் ரோவரில் கை பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. கியர் பெட்டியின் பின்னால் இருந்துகொண்டு, புரொப்பல்லர் ஷாஃப்டையே பிடிக்கிறது. ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கிவிட்டால், டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தைச் சுழலவிடும்; தரையில் உள்ள சக்கரமும் உருளும். கை பிரேக் இழுத்திருந்தும் வண்டி நகர்ந்து ஜாக்கியிலிருந்து விழக்கூடும். எனவே சமதளத்தில் வண்டியை நிறுத்துவோம். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைப்போம். தூக்கிய பின் ஆக்சிலுக்கு அடியில் இரும்புத் தாங்கி கொடுப்போம். வண்டிக்கு அடியில் எவரும் படுக்கவேண்டாம், பக்கத்திலிருந்தே பார்க்கலாம்.

இப்போது கியரை நியூட்ரலில் வைத்து, நான்கு சக்கர இழுவையை நீக்கி, கை பிரேக்கைத் தளர்த்துவோம். டயரிலும் புரொப்பல்லர் ஷாஃப்டிலும் சுண்ணக்கட்டியால் ஒவ்வொரு கோடு போடுவோம். தூக்கிய சக்கரத்தை ஒருவர் சரியாக 20 சுற்று சுற்றட்டும். ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று மற்றவர் எண்ணட்டும். 47 வந்தால் விகிதம் 4.7. ஏறத்தாழ 35 வந்தால் 3.54. சக்கரத்தின் 20 சுற்றைப் பத்தாகக் கொள்வது ஏன்? மற்றச் சக்கரம் தரையில் அசையாமல் நிற்பதால், தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரவுன் வீல் ஒரு சுற்று சுற்றும்.

தூக்கிய சக்கரம் அசைய மறுத்தால், இரு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் தனிவகை டிஃபரன்ஷியல் உள்ளே இருக்கலாம். அப்போது இரு பின் சக்கரங்களையும் தாங்கிமேல் தூக்கி, இரண்டும் சேர்ந்து 10 சுற்று வரச் சுற்றி எண்ணவேண்டும்.

கடையில் கழற்றி வைத்திருக்கும் டிஃபரன்ஷியலை எண்ணுவது இன்னும் எளிது. கிரவுன் வீலின் ஒரு பல்லில் கோடு போட்டு, பினியன் பக்கத்து வட்டத் தட்டைக் கையால் சுழற்றுவோம். கோடு மீண்டும் அதே இடத்துக்கு வரும்போது, தட்டு நான்கரைச் சுற்றுக்கு மேல் சுற்றியதா, மூன்றரைச் சுற்று அளவில் நின்றதா என்று பார்த்தால் போதும். கடைக்காரர் முன்னிலையிலேயே, பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்துவிடலாம்.

நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் முன் ஆக்சிலையும் இதே முறையில் எண்ணவேண்டும். முன் சக்கரத்தைத் தூக்கும்போது பின் சக்கரங்களுக்குக் கட்டை வைக்கவேண்டும் என்பதை மறவாதிருப்போம். முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருப்பது கட்டாயம்.

இனி, பெரியவரின் வண்டிக்கு நேர்ந்தது நமக்குத் தெளிவாகும். முன்னே 4.7, பின்னே 3.54. சாலையில் பின் சக்கரங்கள் மட்டும் இழுத்ததால் வண்டி விரைவாக ஓடியது. வேகமானி கியர் பெட்டியின் பக்கத்திலிருந்து அளப்பதால், முள் 60 காட்டியபோது வண்டி உண்மையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றது. பின் சக்கரங்களின் இழுவை நான்கில் ஒரு பங்கு குறைந்தும் போயிற்று. சேற்றில் நான்கு சக்கர இழுவையைப் போட்டதும், பின் சக்கரங்கள் முன் சக்கரங்களைவிட மூன்றில் ஒரு பங்கு விரைவாகச் சுற்ற முனைந்தன. அந்தப் போராட்டத்தில் ஹாஃப் ஷாஃப்ட் ஒன்று நலிந்து, பிறகு சாலை ஏற்றத்தில் முறிந்தது. அந்தத் தண்டு முறிந்ததும் புரொப்பல்லர் ஷாஃப்டுக்கும் பின் சக்கரங்களுக்கும் உறவு அறுந்தது. ஷாஃப்டைப் பிடிக்கும் கை பிரேக் பயனற்றுப் போனது.

3.54 தீய எண் அன்று. முன்னும் பின்னும் சேர்த்து மாற்றி, சமவெளிச் சாலையில் ஓட்டுவோருக்கு அது நன்மையே தரும். சுமையோடு மலையேறும் வண்டிக்கு அது ஏற்றதன்று. ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதோ ஆபத்து.

பெரியவர் இப்போது 4.7 விகிதத்தில் ஒரு டிஃபரன்ஷியலைத் தேடிப் பொருத்திவிட்டார். இம்முறை கடைக்குப் போனபோது அவர் சட்டைப்பையில் ஒரு சுண்ணக்கட்டி இருந்தது. பழைய பிக்கப் வண்டியை நம்பிப் பிழைப்பவர்கள் நம்மில் பலர் உண்டு. எழுத்தைப் படிப்போம், உருவத்தைப் பார்ப்போம், ஆனால் எண்ணிப் பார்த்த பின்னரே பணம் கொடுப்போம்.