யார் எழுதிய சொல்லடைவு?

2024 மே 23 அன்று மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறி படுத்துவிட்டது. கூடவே டக்டக்கோவும் எக்கோசியாவும் முடங்கின. கூகுளுக்கு மாற்று என்று பலர் நம்பிப் போகும் இடங்கள் இவை. ஆனால் இரண்டுமே பெரும்பாலும் பிங்கிடம் விடை வாங்கித்தான் நமக்குத் தந்துகொண்டிருந்தன.

நாம் ஒரு சொல்லைத் தட்டியதும் தேடுபொறி இணையம் முழுக்க ஓடுவதில்லை. ஓட்டமெல்லாம் முன்பே முடிந்திருக்கும். க்ராலர் என்ற நிரல் ஒரு பக்கத்தைப் படிக்கும். அதிலுள்ள இணைப்பைப் பிடித்து அடுத்ததற்குப் போகும். படித்தவற்றிலிருந்து சொல்லடைவு ஒன்று தயாராகும். பழைய இலக்கியப் பதிப்புகளின் கடைசியில் பார்த்திருப்போமே, அதே வகைதான். 'முருங்கை'க்கு நேரே அச்சொல் வரும் பக்கங்களின் எண்கள், 'கீரை'க்கு நேரே வேறொரு வரிசை. 'முருங்கைக் கீரை' என்று கேட்டால் இரண்டு வரிசையிலும் உள்ள எண்களை மட்டும் பொறுக்கி, தரம் பார்த்து அடுக்கித் தரும். தமிழில் வேலை இன்னும் கடினம். மரம், மரத்தை, மரத்தில் மூன்றும் இயந்திரத்துக்கு வெவ்வேறு சொற்கள். வேற்றுமை உருபைச் சொல்லிக்கொடுக்காவிட்டால் நல்ல பக்கங்கள் பல கைநழுவிப் போகும்.

இந்தச் சொல்லடைவைச் சொந்தமாக வைத்திருக்கும் தேடுபொறியைத்தான் நான் சுதந்திரமானது என்பேன். பிரிட்டனில் மார்க் ஸ்மித் 2004-இல் தொடங்கிய மோஜீக் அப்படிப்பட்டது. பல நூறு கோடிப் பக்கங்களைத் தானே படித்துச் சேர்த்திருக்கிறது. 2021-இல் வந்த பிரேவ் தேடலுக்கும் சொந்த அடைவு உண்டு.

டக்டக்கோவை இதனால் தள்ளிவிட முடியாது. தேடுபவர் யார் என்று அது குறித்துவைப்பதில்லை, மோஜீக்கும் அப்படியே. இது எவ்வளவு பெரிய காப்பு என்பதை 2006 காட்டியது. அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் சுமார் 6,50,000 பேரின் மூன்று மாதத் தேடல்களை, பெயரை நீக்கி எண் மட்டும் போட்டு, ஆராய்ச்சிக்கென வெளியிட்டது. ஊர், குடும்பப் பெயர், உடல் உபாதை என்று ஓர் எண்ணின் கீழ் இருந்த தேடல்களைக் கோத்துப் பார்த்தே செய்தியாளர்கள் ஒரு பெண்மணியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பக்கத்தை எழுதியவருக்கும் உரிமை வேண்டுமல்லவா? அதற்காக 1994-இல் மார்ட்டைன் கோஸ்டர் முன்வைத்த ஏற்பாடுதான் 'ரோபாட்ஸ்' என்ற சிறு கோப்பு. ஒரு வரியில் க்ராலரின் பெயர், அடுத்த வரியில் அது நுழையக் கூடாத இடம். பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டால், தனியே பெயர் குறிக்காத எல்லாருக்கும் பொருந்தும். இது பூட்டு அல்ல, வாசலில் ஒட்டிய வேண்டுகோள். நாணயமான க்ராலர் மதிக்கும், மற்றது மிதித்துப் போகும்.

செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் எழுத்தை அள்ளத் தொடங்கியபின் சிலர் நட்சத்திரம் போட்டு எல்லாரையும் தடுத்து, கூகுளுக்கு மட்டும் வழிவிடுகிறார்கள். கோபம் நியாயமானதே. ஆனால் அந்த வரியை மதித்து மோஜீக் போன்ற சிறியவையும் திரும்பிப்போகின்றன. அவற்றின் அடைவில் அந்தப் பக்கம் ஏறவே ஏறாது. ஓப்பன்ஏஐயின் க்ராலருக்கு 'ஜிபிடிபாட்' என்று தனிப்பெயர் இருக்கிறது. தடுக்க நினைப்பவர்கள் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு அந்தப் பெயரை எழுதலாம்.