காதால் படிப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லவேண்டியவை

திருகோணமலை உள்துறைமுகத்தில் இலங்கைக் கடற்படையின் தளம் இருக்கிறது. அதற்குள் நடப்பதை வெளியே சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆனால் அதே நீரில், சீனன்குடா மாவாலைக்குக் கோதுமை ஏற்றிவரும் கப்பலும் நுழைகிறது. அதன் மாலுமிக்குத் துறையின் ஆழம் தெரியவேண்டும், எந்த விளக்கு எங்கே எரிகிறது என்றும் தெரியவேண்டும். ஆகவே அவை வரைபடத்தில் அச்சாகின்றன. பிரித்தானியாவில் வாராவாரம் வெளியாகும் ‘அட்மிரல்டி’ கடலோடிகளுக்கான அறிவித்தல்களில், இனி நடக்கப்போகும் மாற்றங்களைச் சொல்லவும் ‘முன்னறிவித்தல்’ என்று ஒரு வகை உண்டு. படையின் இரகசியம் வேறு, பிறர் செல்லும் வழி வேறு என்பது கடலில் தெளிவாகிவிட்டது. மென்பொருள் உலகம் இப்போதுதான் அதைக் கற்றுவருகிறது.

பார்வையற்ற ஒருவர் கைத்தொலைபேசியைக் காதால் படிக்கிறார். திரையில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், வகை, நிலை என்று மூன்று செய்திகளைச் செயலி இயங்குதளத்திடம் கொடுக்கவேண்டும்: ‘அனுப்பு’, பொத்தான், இப்போது அழுத்த முடியாது. திரைவாசிப்பான் அவற்றை எடுத்துக் குரலாக்குகிறது. பெயர் விடுபட்டால் வெறுமனே ‘பொத்தான்’ என்றுதான் ஒலிக்கும். கண்ணால் பார்ப்பவர் படத்தைக் கண்டு புரிந்துகொள்வார். காதால் படிப்பவருக்கு அந்த இடத்தில் வழி அடைபட்டுப்போகிறது.

புதிய பதிப்பு ஒன்றில் இப்படி ஒரு பெயர் தொலைந்தால் பழையதற்குத் திரும்பிவிடலாமே என்று தோன்றும். ஐபோனில் அது எளிதல்ல. புதிய பதிப்பு வந்து சில நாட்களிலோ வாரங்களிலோ பழையதற்கு ஒப்பமிடுவதை அப்பிள் நிறுத்திவிடும்; அதன்பின் அதை நிறுவ முடியாது. அதனால்தான் வெளிவராத பதிப்பைப் பற்றிய ஒவ்வொரு வதந்தியும் பார்வையற்றோரிடையே இவ்வளவு வேகமாகப் பரவுகிறது. அது அவர்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல. நாளைக்கு வங்கிக் கணக்கைத் திறக்க முடியுமா, பரீட்சைக் குறிப்பைப் படிக்க முடியுமா என்ற கவலை.

வாயை மூடிக்கொள்வதற்குப் பேர்பெற்ற நிறுவனம் அப்பிள். பரிசோதனைப் பதிப்புகளைப் பெறும் நிரலாளர்களை நீண்டகாலம் இரகசிய ஒப்பந்தத்தால் கட்டிவைத்திருந்தது. ஆனால் மெக் கணினிக்கான திரைவாசிப்பானை 2004லேயே முன்னோட்டமாகக் காட்டியது; ‘வொய்ஸ்ஓவர்’ என்ற பெயரில் அது முழுமையாக வந்தது 2005இல். 2007இல் வந்த முதல் ஐபோனில் திரைவாசிப்பான் இல்லை. 2009 ஜூனில் ஐபோன் 3ஜிஎஸ் வந்தபோதுதான் கிடைத்தது. 2021 முதல் இன்னொரு நல்ல வழக்கம் வேரூன்றியிருக்கிறது. மே மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை உலக அணுகல் விழிப்புணர்வு நாள். அதையொட்டி, ஜூனில் நடத்தும் தன் நிரலாளர் மாநாட்டுக்கும் முன்பாகவே, பார்வையற்றோர் போன்றோருக்கு வரப்போகும் அணுகல் வசதிகளை அப்பிள் அறிவித்துவிடுகிறது.

அந்த அறிவிப்புக்கும் குறை உண்டு. 2022 மே மாதத்தில், 20க்கும் மேற்பட்ட மொழிகளும் வட்டார வழக்குகளும் வொய்ஸ்ஓவரில் சேரும் என்றார்கள். வங்காளம், பல்கேரியம், கட்டலான், உக்ரேனியம், வியட்நாமியம் என்று பெயர் சொன்னார்கள். தமிழின் பெயர் சொல்லவில்லை. செப்டெம்பரில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 16 வந்தபோது தமிழ்க் குரலும் அதில் இருந்தது. அறிவிப்பில் விடப்படும் இப்படியான இடைவெளியில்தான் வதந்தி குடியேறுகிறது.

இதற்கு நேரெதிரான வழியைக் காட்டியது என்விடிஏ. பார்வையற்றவரான அவுஸ்திரேலியர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய இலவசத் திரைவாசிப்பான் அது. அதன் நிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்தே கிடக்கிறது. வெளிவராத பதிப்பையும் விரும்பியவர் இறக்கிப் பார்க்கலாம். பாதுகாப்பு ஓட்டைகளை மட்டும் தனிப்பட்ட முறையில் தெரிவிக்கச் சொல்கிறார்கள். அங்கே இரகசியம் பயனரைக் காப்பதற்காக இருக்கிறது.

வதந்தியை எடைபோட, பொருள் எப்படி இயங்குகிறது என்ற அறிவே துணை. ‘அடுத்த பதிப்பு எல்லாத் தமிழ் ஆவணங்களையும் வாசிக்கும்’ என்று யாராவது சொன்னால், பாமினி எழுத்துருவை நினைத்துப் பாருங்கள். நம் நாட்டில் பல அலுவலகங்களின் பழைய ஆவணங்கள் அதில்தான் இருக்கின்றன. திரையில் ‘தமிழ்’ என்று தெரிவது, கணினிக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஆங்கில விசைகளாகவே கிடக்கிறது. எவ்வளவு இனிய குரல் வந்தாலும் அவற்றைத்தான் படிக்கும். ஆவணத்தை யுனிக்கோடுக்கு மாற்றுவது நம் அலுவலகங்களின் வேலை. அதற்கு எந்த நிறுவனத்தின் இரகசியமும் தடையில்லை.

புதிய கருவியின் வடிவத்தையும் விலையையும் நிறுவனங்கள் விரும்பியவரை மறைத்துக்கொள்ளட்டும். எந்த மொழிக்குக் குரல் வருகிறது, எந்தப் பழக்கம் மாறுகிறது, தெரிந்த எந்தப் பிழை இன்னும் திருத்தப்படவில்லை என்ற மூன்றையும் மட்டும் பதிப்பு வெளிவரும் முன்பே எழுத்தில் சொல்லிவிடவேண்டும். அப்போது, புதுப்பிப்பதா பொறுப்பதா என்பதைப் பார்வையற்ற பயனர் வதந்தியைக் கேட்டல்ல, தகவலைக் கொண்டு முடிவுசெய்வார். அந்த முடிவு அவருடைய உரிமை.