செந்தூலில் உச்சிவெயில் ஒன்றேகாலுக்கு

கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில் குறும்படம் எடுக்கப் புறப்படும் மாணவர் குழுவுக்கு முதல் குழப்பத்தைக் கடிகாரமே தந்துவிடும். "பன்னிரண்டு மணிக்கு வெயில் உச்சிக்கு வந்துவிடும், அதற்குள் வெளிப்புறக் காட்சிகளை முடித்துவிடலாம்" என்று திட்டம் போடுவார்கள். பன்னிரண்டு மணிக்கு இங்கே வெயில் உச்சிக்கு வந்திருக்காது. கோலாலம்பூர் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 101.7 டிகிரியில். மலேசியக் கடிகாரம் காட்டுவதோ 120 டிகிரிக்கு உரிய நேரம். இடையில் உள்ள 18.3 டிகிரியைக் கடக்கச் சூரியனுக்கு 73 நிமிடம் ஆகும். 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியா தன் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளி சபா, சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வந்தது. அப்போதுதான் இந்த இடைவெளி இவ்வளவு பெரிதானது. ஆகவே செந்தூலின் உண்மையான நண்பகல் சராசரியாக 1.13 மணி. பிப்ரவரியில் அது 1.27 வரை தள்ளிப்போகும். நவம்பர் தொடக்கத்தில் ஒரு மணிக்குச் சற்று முன்பே வந்துவிடும்.

இதில் குழுவுக்கு லாபமும் உண்டு. ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஏழிலிருந்து ஏழரைக்குள் உதிக்கிறது. ஆறரைக்கு ஜாலான் ஈப்போ பக்கம் கூடிப் பசியாறிவிட்டு, முதல் ஒளியிலேயே கேமராவைத் திருப்பிவிடலாம். ஆனால் அந்த நேரத்தில்தான் இன்னொரு சிக்கல் முளைக்கும். குளிர்சாதன அறையிலோ காரிலோ இருந்த கேமராவை வெளியே எடுத்த மறுகணம் லென்ஸ் வெள்ளையாகப் பூத்துவிடும். இந்த ஊர்க் காற்றில் உள்ள ஈரம் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசிலேயே நீராகப் படியத் தொடங்கும். ஏர்கானில் கிடந்த கண்ணாடியோ அதைவிடக் குளிர்ந்திருக்கும். துடைக்கத் துடைக்க மறுபடி பூக்கும். கேமராவைக் காற்றுப் புகாத பையில் கட்டி, உள்ளிருக்கும் கேமரா வெளிச்சூட்டுக்கு வரும்வரை பொறுத்திருந்து திறப்பதுதான் வழி. நீர் பைமேல் படியும், கண்ணாடிமேல் படியாது.

பத்து மணியைத் தாண்டினால் ஒளி கடுமையாகிறது. செந்தூல் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வெறும் 3.2 டிகிரி. மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நேர் உச்சந்தலைக்கு மேலே வந்து நிற்கும். கம்பத்தின் நிழல் கம்பத்தின் காலடிக்குள்ளேயே அடங்கிவிடும். நடிப்பவரின் முகத்துக்கு இதைவிடக் கெடுதலான விளக்கு கிடையாது. புருவ எலும்பின் நிழல் கண்குழிக்குள் விழுந்து கண்களே தெரியாமல் போகும். 1972இல் வந்த 'தி காட்ஃபாதர்' படத்தில் ஒளிப்பதிவாளர் கோர்டன் வில்லிஸ் வேண்டுமென்றே மேலிருந்து ஒளி கொடுத்தார். அதில் வரும் மாஃபியா தலைவன் விட்டோ கோர்லியோனின் மனம் எளிதில் புலப்படக் கூடாது என்பதால் அது அங்கே பொருந்தியது. காதலைச் சொல்லப்போகும் ஒரு கல்லூரிப் பெண்ணின் கண்ணில் அந்த இருட்டு எதற்கு?

நிழலுக்குள் ஒதுங்கலாம். கடைவீடுகளின் முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடிப் பாதை அதற்கு ஏற்ற இடம். ஆனால் வெளியே வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் இருந்தால், அந்தக் கூரைக்கடியில் ஆயிரம்தான் இருக்கும். நூறு மடங்கு வேறுபாடு. நம் கண் அதைத் தானே சரிசெய்துகொள்வதால் நமக்கு உறைப்பதில்லை. கேமராவைத் தானியங்கி முறையில் விட்டால், பின்னால் கொளுத்தும் தெருவைப் பார்த்து ஒளியைக் குறைத்து, முகத்தைக் கரியாக்கிவிடும். மாநிறமும் கருமையுமான முகங்கள் இதில் கூடுதலாக அடிபடுகின்றன. காட்சி எதுவானாலும் அதன் சராசரி நடுச்சாம்பல்தான் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவது கருவியின் இயல்பு. பல பத்தாண்டுகள் கோடாக் நிறுவனத்தின் வண்ணப் பிரதிகளைச் சரிபார்த்த 'ஷெர்லி அட்டை'களில் இருந்தவர்கள் வெள்ளைத்தோல் பெண்கள் என்பதையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். கருவி சொல்வதை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்து ஒளியை அளவிடுங்கள். கன்னத்தருகே ஒரு வெள்ளைப் பலகையைப் பிடியுங்கள்.

பலகை இல்லாத இடத்தில் சுவரும் தரையும் அந்த வேலையைச் செய்யும், தங்கள் நிறத்தையும் சேர்த்துக் கொடுத்து. பழைய ரயில்வே கட்டடம் ஒன்றைப் புதுப்பித்து 2005இல் திறந்த கோலாலம்பூர் நிகழ்கலை மையத்தின் செங்கல் சுவரருகே நின்றால் முகத்தில் இளஞ்சூடான செம்மை படரும். மையத்தைச் சுற்றியுள்ள பூங்காவின் புல்தரையில் உட்கார்ந்தால் தாடைக்கடியில் பச்சை ஏறும்.

தீபக் குமாரன் மேனன் 2005இல் 'செம்மண் சாலை'யையும், சஞ்சய் குமார் பெருமாள் 2015இல் 'ஜகாட்'டையும் தந்த பிறகு, தமிழ்ச் சினிமா சென்னையில் மட்டும் பிறப்பதில்லை என்று மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவர்கள் படிக்கும் ஒளிப்பதிவுப் பாடங்களில் பெரும்பகுதி வடக்கே, சரிந்த சூரியனுக்குக் கீழே எழுதப்பட்டவை. மாலையின் பொன்னொளியை அவை கொண்டாடும். சூரியன் அடிவானத்துக்கு மேல் 6 டிகிரியிலிருந்து கீழே 4 டிகிரிவரை இறங்கும் நேரத்தைப் பொன்னொளி என்று வைத்துக்கொள்வோம். செந்தூலில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் 40 முதல் 45 நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஜூன் மாத லண்டனில் அது சாய்ந்து வழுக்கிக்கொண்டு இறங்க ஏறக்குறைய இரு மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். அந்தப் பாடத்தை நம்பி இங்கே ஆறு ஷாட்டுகளுக்குத் திட்டமிட்டால் இரண்டோ மூன்றோதான் மிஞ்சும்.

அதுவும் வானம் வெளுத்திருந்தால்தான். மேற்கே மலாக்கா நீரிணை, கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், நடுவே காலையிலிருந்து காய்ந்த நகரம். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, சூடேறிய நிலத்தின்மேல் எழும்பி, பிற்பகலில் 15 கிலோமீட்டர் உயரம்வரை மேகமாகக் குவியும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இது மிகுதி. படப்பிடிப்பைக் கெடுக்க வந்த எதிரியாகவே குழுக்கள் இந்த மேகத்தைப் பார்க்கின்றன. என்னைக் கேட்டால், இந்த ஊர் இலவசமாகத் தரும் மிகச் சிறந்த விளக்கு இதுதான். வானில் சூரியன் அரை டிகிரி அகலமுள்ள சிறு வட்டம். அவ்வளவு சிறிய மூலத்திலிருந்து வருவதால்தான் நிழலின் விளிம்பு கத்திபோல் இருக்கிறது. இடிமேகத்தின் உச்சி பனித்துகள்களாகி, மழைக்கு முன்பே பட்டடைபோல் அகன்று பரவும். சூரியன் அதற்குப் பின்னால் போனதும் ஒளி ஒரு புள்ளியிலிருந்து வராமல் வானத்தின் பெரும்பரப்பிலிருந்து வருகிறது. கண்குழி இருட்டு கலைகிறது. கடைவீட்டின் உள்ளும் புறமும் ஒரே படத்தில் அடங்குகின்றன. முகத்தருகே எடுக்க வேண்டிய வசனக் காட்சிகளை இந்த நேரத்துக்கென்றே ஒதுக்கி வைக்கலாம்.

இடி கேட்கத் தொடங்கினால் கதை வேறு. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்கும் குறைவென்றால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. திறந்தவெளியில் பூம் மைக் கம்பை உயர்த்திப் பிடித்து நிற்கும் பையனை உடனே உள்ளே அழைத்துவிட வேண்டும். எந்த ஷாட்டும் அவனைவிடப் பெரிதல்ல.

இடி ஓய்ந்து மழை மட்டும் பெய்துகொண்டிருந்தால், கூரைக்கடியிலிருந்து அதைப் படமெடுக்கலாம். கொட்டும் மழையைப் படமெடுத்துவிட்டு, திரையில் மழையையே காணோமே என்று திகைப்பவர்கள் உண்டு. மழைத்துளி தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை வளைத்து முன்னோக்கியே அனுப்பிவிடும். திருப்பி அனுப்புவது சொற்பம். விளக்கு கேமராவின் பக்கம் இருந்தால் துளி கண்ணுக்குப் படாது. ஒளி மழைக்குப் பின்னாலிருந்து வர வேண்டும், பின்னணி மரங்களின் கரும்பச்சையாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு மில்லிமீட்டர் துளி விநாடிக்கு ஆறரை மீட்டர் வேகத்தில் விழுகிறது. ஷட்டர் 1/50 விநாடி திறந்திருக்கும்போது அது 13 சென்டிமீட்டர் பயணம் செய்துவிடும். சினிமாவில் மழை கோடுகோடாகத் தெரிவது இதனால்தான். ஷட்டரை 1/1000க்குக் கொண்டுபோனால் கோடு ஆறரை மில்லிமீட்டராகச் சுருங்கி, துளி மணிமணியாக நிற்கும்.

ஒலிக்கு இந்தப் பகுதி கடினம். எல்ஆர்டி தடம் செந்தூல் தீமூரில் முடிகிறது; கேடிஎம் ரயில் செந்தூல் வழியே பத்துமலைக்குப் போகிறது. வசனத்தின் பாதியில் ரயில் வந்தால், அடுத்த டேக்கோடு ஒட்டும்போது பின்னணி இரைச்சல் சட்டென அறுபடும். ஒவ்வோர் இடத்திலும் எல்லாரும் வாய்மூடி நிற்க, அந்த இடத்தின் வெறும் ஒலியை அரை நிமிடம் பதிவு செய்துகொண்டால், தையலை மறைக்க அது உதவும்.

விடுபட்ட ஷாட்டுகளை அடுத்த பருவ விடுமுறையில் எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் குழுக்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜூன் மாத உச்சிப்பொழுதில் செந்தூலின் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து 70 டிகிரி உயரத்தில் இருக்கும். டிசம்பரில் அது தெற்குப் பக்கம் 63 டிகிரிக்கு இறங்கிவிடும். ஜூனில் வெயில் பட்ட, வடக்கு பார்த்த கடை முகப்பு டிசம்பரில் நிழலில் இருக்கும், எதிர்வரிசை பளிச்சிடும். ஒரே உரையாடலில் ஒருவர் முகத்தை ஜூனிலும் மற்றவர் முகத்தை டிசம்பரிலும் எடுத்தால், இருவரும் வேறு வேறு தெருக்களில் நிற்பதுபோல் இருக்கும். ஜூனில் அரைகுறையாக நின்றுபோன வெயில் காட்சியை அடுத்த ஜூன்வரை வைத்திருங்கள். மேகத்துக்கு அடியில் எடுத்த காட்சியானால், எந்த மாதத்திலும் மேகம் கட்டிய ஒரு பிற்பகலில் போய் முடித்துவிடலாம்.