ஒருமுறை எழுதிப் பலமுறை பயன்படுத்துதல்: கையேடுகளுக்கு ஒரு புதிய ஒழுங்கு

பொருளோடு வரும் கையேட்டை முதற்பக்கம் தொடங்கி இறுதிப்பக்கம் வரை படிப்பவர் மிகச் சிலரே. இயந்திரம் நின்றுபோன பிறகுதான் நமக்குக் கையேட்டின் நினைவே வருகிறது. அப்போதும் நாம் தேடுவது ஒரே ஒரு கேள்விக்கான விடையைத்தான். ஆயினும் பல கையேடுகள் கதைப் புத்தகத்தைப் போல ஒரே தொடர்ச்சியாக எழுதப்படுகின்றன. ‘மேலே கூறியபடி செய்யவும்’ என்று ஒரு பக்கம் சொல்லும். அந்த ‘மேலே’ எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் நம் பொறுமை போய்விடும்.

இந்தக் குறை படிப்பவரை மட்டுமன்றி எழுதுபவரையும் வாட்டுகிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு நிறுவனம் 3 வகைச் சலவை இயந்திரங்களை விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய 4 மொழிகளில் கையேடு உண்டு. ஆக மொத்தம் 12 கையேடுகள். ‘வடிகட்டியைத் திறக்கும் முன் நீர் ஆறும்வரை காத்திருக்கவும்’ என்ற எச்சரிக்கையைப் புதிதாகச் சேர்க்க வேண்டுமானால் 12 கோப்புகளையும் திறக்க வேண்டும். அவற்றுள் ஒன்று விடுபட்டாலும், அதைப் படிப்பவர் கையில் வெந்நீர் கொட்டக்கூடும். கையேட்டுப் பிழை வெறும் எழுத்துப் பிழையன்று என்பதை இதனால் உணரலாம்.

அலகு என்றால் என்ன?

இச்சிக்கலுக்குத் தீர்வாக வந்ததே தலைப்புவழி எழுதும் முறை. இதில் கையேடு முழுவதையும் ஒரே கோப்பாக எழுதுவதில்லை. படிப்பவரின் ஒரு கேள்விக்கு ஒரு விடை என்ற அளவில், தனித்து நின்று பொருள் தரும் சிறு சிறு அலகுகளாக எழுதுகிறோம். பிறகு தேவைக்கேற்ப அவற்றைக் கோத்து நூலாக்குகிறோம். மேற்சொன்ன எச்சரிக்கையை ஒரே இடத்தில் எழுதி வைத்தால், மொழிக்கு ஒன்றாக 4 இடங்களில் திருத்தினாலே போதும். மூன்று வகை இயந்திரங்களின் கையேடுகளும் அங்கிருந்தே அதை எடுத்துக்கொள்ளும்.

தமிழ் படித்த நமக்கு இந்த அமைப்பு முற்றிலும் புதியதன்று. திருக்குறளில் 133 அதிகாரங்கள். அதிகாரத்துக்குப் பத்துக் குறள்கள். ஒவ்வொரு குறளும் தனித்து நின்று பொருள் தருகிறது. அதிகாரத்தோடு சேர்த்துப் படித்தாலும் பொருந்துகிறது. உரையாசிரியர்களிடையே குறள்களின் வரிசை மாறுபட்டபோதும் குறளின் பொருள் சிதையவில்லை. நல்ல அலகுக்கு வேண்டிய இலக்கணமும் அதுவே.

டிட்டா என்னும் நெறி

இம்முறைக்குப் பொதுவான விதிகளை வகுத்துத் தந்தவற்றுள் பரவலாக அறியப்பட்டது டிட்டா. ஐபிஎம் நிறுவனம் தன் ஆவணங்களுக்காக இதை உருவாக்கி 2001-இல் வெளியிட்டது. பின்னர் இதை ஒயாசிஸ் என்னும் தர அமைப்பிடம் ஒப்படைத்தது. 2005-இல் அவ்வமைப்பு இதன் முதற்பதிப்பைத் தரமாக ஏற்றது. 2015-இல் 1.3 என்னும் பதிப்பு வெளிவந்தது. இதன் பெயரில் உயிரியல் அறிஞர் டார்வினும் இடம்பெற்றிருக்கிறார். ஏற்கெனவே உள்ள அலகு வகையிலிருந்து, அதன் பண்புகளை மரபாகப் பெற்ற புதிய வகையை உருவாக்கலாம் என்பதே அதற்குக் காரணம்.

டிட்டாவில் அலகுகள் அடிப்படையில் மூவகைப்படும். ‘இது என்ன?’ என்ற கேள்விக்கு விடை சொல்வது கருத்து அலகு. ‘எப்படிச் செய்வது?’ என்பதற்குப் படிப்படியாக வழி காட்டுவது செயல் அலகு. அளவு, குறியீடு, அட்டவணை போன்றவற்றைத் தருவது விவர அலகு. பழுது கண்டு நீக்குவதற்கென்று ஒரு தனி வகை 1.3 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

இவை எக்ஸ்எம்எல் குறிமொழியில் எழுதப்படுகின்றன. எழுத்து தடிமனாக இருக்க வேண்டுமா, சிவப்பாக இருக்க வேண்டுமா என்பதை எழுதுபவர் குறிப்பதில்லை. ‘இது ஒரு படி’, ‘இது எச்சரிக்கை’, ‘இது விளைவு’ என்று பொருளை மட்டுமே குறிக்கிறார். தோற்றத்தை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. அதனால் ஒரே மூலத்திலிருந்து அச்சுப் பக்கத்தையும் திரைப் பக்கத்தையும் உருவாக்க முடிகிறது. எந்த அலகு எதன் பின் வர வேண்டும் என்பதை ‘மேப்’ எனப்படும் தனிக் கோப்பு சொல்கிறது. ஓர் இயந்திரத்துக்கு ஒரு மேப் என்று மூன்று மேப் கோப்புகளை எழுதினால், ஒரே அலகுகளிலிருந்து மூன்று கையேடுகள் பிறக்கும்.

எழுதுபவர் விட வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. ‘மேலே’, ‘முந்தைய பக்கத்தில்’, ‘அடுத்த இயலில்’ போன்ற சொற்களுக்கு இங்கே இடமில்லை. ஓர் அலகின் முன்னும் பின்னும் எது வரும் என்பது எழுதும்போது அந்த அலகுக்கே தெரியாது.

தமிழில் கவனிக்க வேண்டியது

‘ஒருமுறை எழுதிப் பலமுறை பயன்படுத்துதல்’ என்ற கொள்கையைச் சிலர் தனிச்சொல் வரை கொண்டு செல்கின்றனர். ‘__ திறக்கவும்’ என்று ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு, வெற்றிடத்தில் உறுப்பின் பெயரைக் கணினி நிரப்பட்டும் என்று விட்டுவிடுகின்றனர். மலாய் மொழியில் பெயர்ச்சொல் வேற்றுமைக்கேற்ப உருமாறுவதில்லை. ஆகவே இது அங்கே ஓரளவு பலிக்கும். தமிழில் பலிக்காது. ‘கதவு’ என்பது ‘கதவை’ ஆகும். ‘மூடி’ என்பது ‘மூடியை’ ஆகும். ‘பாத்திரம்’ என்பதோ ‘பாத்திரத்தை’ ஆகும். உருபேற்ற சொல்லைச் சேமித்து வைத்தாலும் போதாது. ‘கதவைத் திறக்கவும்’ என்பதில் ஒற்று மிகும். ‘கதவை மூடவும்’ என்பதில் மிகாது. அடுத்து வரும் சொல்லே இதை முடிவு செய்கிறது.

ஆகவே தமிழில் பகிர்ந்து பயன்படுத்தத் தக்க மிகச் சிறிய துண்டு முழு வாக்கியமே. இன்னும் பாதுகாப்பானது ஒரு முழுப் படி. ஆங்கில மூலத்தைத் திட்டமிடும் நாளிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். மொழிபெயர்ப்புக்கு வந்த பிறகு சொன்னால், பிழையான தமிழ் அச்சேறிவிடும்.

இதை ஒழுங்காகச் செய்தால் தமிழுக்கு ஒரு பெரும் நன்மை உண்டு. கையேடு ஒரே கோப்பாக இருக்கும்போது, சிறு மாற்றத்துக்கும் ஒவ்வொரு மொழியிலும் பக்கங்களை மீண்டும் அடுக்க வேண்டியிருக்கிறது. செலவு கூடும்போது வாசகர் குறைந்த மொழிப் பதிப்பு பின்தங்கிப் போகும் அபாயம் உண்டு. அலகு முறையில் மாறிய அலகை மட்டும் மொழிபெயர்த்தால் போதும். தமிழ்ப் பதிப்பும் மற்ற பதிப்புகளோடு சேர்ந்தே வெளிவர வழி பிறக்கும்.

எப்படித் தொடங்குவது?

எல்லாக் கையேடுகளையும் ஒரே நாளில் மாற்ற முனைவது அறிவுடைமை ஆகாது. அடிக்கடி திருத்தப்படும் ஒரு கையேட்டை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அதில் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளைப் பட்டியலிட வேண்டும். பழைய பத்திகளை வெட்டி ஒட்டினால் அலகு கிடைக்காது. கேள்வியை முன்னிறுத்திப் புதிதாகவே எழுத வேண்டும். ‘வடிகட்டி’ என்று ஓரிடத்திலும் ‘சல்லடை’ என்று மற்றோரிடத்திலும் வராதபடி ஒரு சொற்பட்டியலும் வேண்டும்.

மற்றொன்றையும் மறக்கக்கூடாது. சரியான வாக்கியம் எல்லாக் கையேடுகளுக்கும் செல்வது போலவே பிழையான வாக்கியமும் செல்லும். எனவே ஒவ்வோர் அலகுக்கும் பொறுப்பாளர் ஒருவரும், வெளியிடும் முன் சரிபார்ப்பவர் ஒருவரும் இருப்பது நன்று. ஒரே பொருள், ஒரே மொழி, எப்போதாவது ஒரு திருத்தம் என்ற நிலையில் உள்ள சிறு நிறுவனத்துக்கு இத்தனை ஏற்பாடும் தேவைப்படாது. சாதாரணச் சொற்செயலியே அதற்குப் போதும்.

பல்கலைக்கழக மாணவர்களாகிய நாம் இதைப் பயில விலையுயர்ந்த மென்பொருளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆய்வுக்கூடத்தில் நாம் அன்றாடம் செய்யும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அதைச் செயல் அலகாகத் தமிழில் எழுதிப் பார்க்கலாம். பிறகு அதை அந்த வேலையை அறியாத நண்பரிடம் கொடுத்து, நாம் வாய் திறவாமல் அருகில் நிற்க வேண்டும். அவர் எந்தப் படியில் தயங்குகிறாரோ அந்தப் படியைத்தான் நாம் திருத்தி எழுத வேண்டும்.