எடை குறைந்தும் ஏன் நின்றுவிட்டார்கள்?

1985-ம் ஆண்டு. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் கைசர் பெர்மனெண்ட்டி நிறுவனத்தின் உடல் பருமன் சிகிச்சைப் பிரிவை நடத்திவந்த டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டிக்கு ஒரு விஷயம் பிடிபடவே இல்லை. எடை குறையாதவர்கள் அலுத்துப்போய் நின்றால் சரி; மளமளவென்று குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுவிட்டார்கள்.

ஒவ்வொருவரையும் உட்காரவைத்து விசாரித்தார். பிறந்தபோது எடை எவ்வளவு, பள்ளியில் சேர்ந்தபோது எவ்வளவு என்று போய்க்கொண்டிருந்த கேள்விகளில் ஒருநாள் வாய் தவறிவிட்டது. முதல் உடலுறவின்போது வயது என்ன என்று கேட்க வந்தவர், எடை என்ன என்று கேட்டுவிட்டார். எதிரே இருந்த பெண் சொன்ன பதில், நாற்பது பவுண்டு. சுமார் 18 கிலோ. நான்கு வயதில், பெற்ற தகப்பனே செய்த கொடுமை அது. தொடர்ந்து கேட்கக் கேட்க, பலரிடமும் இதுபோன்ற கதைகள் வெளிவந்தன. டாக்டர் நோய் என்று பார்த்த பருமன், அவர்களில் சிலருக்குப் பிறர் கண்ணில் படாமல் இருக்க உதவிய பாதுகாப்பு.

பிறகு மருத்துவ ஆய்வாளர் ராபர்ட் ஆண்டாவுடன் சேர்ந்து, சிறுவயதுக் கசப்புகளைப் பற்றி ஃபெலிட்டி நடத்திய ஆய்வின் முதல் கட்டுரை 1998-ல் வந்தது. மொத்தம் 17,000-க்கும் அதிகமானோர் பங்கேற்றார்கள். பெரும்பாலும் படித்த, நடுத்தர வர்க்கத்தினர். அடி, பாலியல் கொடுமை, வீட்டில் குடிப்பழக்கம் போன்ற கசப்புகளில் நான்கு வகைகளையோ அதற்கு மேலோ சிறுவயதில் சந்தித்தவர்களுக்கு மனச்சோர்வு, போதைப் பழக்கம், தற்கொலை முயற்சி போன்றவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு கூடுதல் என்று தெரிந்தது. இது ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்குதான், தனி ஒருவரின் ஜாதகம் அல்ல.

வளர்ந்தபின் இந்தச் சிறுவயதுக் காயம் எப்படித் தெரியும்? மேலதிகாரி, "கொஞ்சம் உள்ளே வாங்க" என்பார். லீவு லெட்டரைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் எழுந்து போவதற்குள் உள்ளங்கை வேர்த்துவிடும், தொண்டை அடைத்துவிடும். உணர்ச்சி கட்டுக்குள் நிற்காது. 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் போகாது. யாரிடமும் நெருங்க முடியாது. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-லேயே, நீண்டகாலக் கொடுமை விட்டுச்செல்லும் இந்த அறிகுறிகளைத் தனிப் பாதிப்பாகக் கருத வேண்டும் என்று எழுதினார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அது நடைமுறைக்கு வந்தது 2022-ல்.

சிகிச்சை என்றதும் பழையதையெல்லாம் தோண்டுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆனால் ஹெர்மன் சொன்ன வரிசையில் முதலில் வருவது பாதுகாப்பு: ஒழுங்கான தூக்கம், அடிக்கும் கணவனோ மிரட்டும் உறவினரோ இல்லாத இருப்பிடம், பதற்றம் வரும்போது உடலை நிதானத்துக்குக் கொண்டுவரும் பயிற்சி. அதற்குப் பின்தான் நினைவுகளைப் பேசுவதும் இழந்ததற்காக அழுவதும். மூன்றாவது, மனிதர்களோடு மீண்டும் சேர்வது. நடைமுறையில் இந்தப் படிகள் முன்னும் பின்னுமாகத்தான் போகும். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட பேச்சு சிகிச்சைகளும், கண்ணசைவோடு நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். முறையும் பலருக்கு உதவுகின்றன.

நம் வீடுகளில் "பெத்தவங்கதானே, மறந்துட்டு மன்னிச்சுடு" என்பார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் மன்னித்தால்தான் குணமாகும் என்று இந்தச் சிகிச்சைகள் நிபந்தனை போடுவதில்லை. அந்த முடிவு பாதிக்கப்பட்டவருடையது.

இந்தியாவில் இதைக் கேட்க ஆளில்லை என்று இனியும் சொல்லவேண்டியதில்லை. மத்திய அரசின் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.